எங்கே இறங்குகிறது வோல்ட்?

மாணவர்களே, இந்தக் கேள்வியை உங்களில் பலர் எழுதியிருப்பீர்கள். 6 வோல்ட் தரும் மின்கலங்களுடன் 2 ஓம், 4 ஓம் மின்தடைகள் இரண்டும் தொடர் மின்சுற்றில் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள மின்னழுத்தம் எவ்வளவு? மொத்த மின்தடை 6 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர், ஆகவே முதலாவதில் 2 வோல்ட், இரண்டாவதில் 4 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 6. விடை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அதோடு கேள்வி முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை. அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த இரண்டில் எது அதிகமாகச் சூடேறும்?" மின்னழுத்த வீழ்ச்சி என்பது கூட்டல் கணக்கு மட்டும் என்று நினைக்கும் மாணவருக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தெரியும். வோல்ட் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் ஆற்றல் வெளிப்படுகிறது என்று புரிந்துகொண்ட மாணவர் கணக்குப் போடாமலே விடை சொல்வார். இந்த ஒரு வரியைத்தான் நம் பள்ளிகளில் இன்னும் அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. தேர்வுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அடிப்படையைச் சரிசெய்துகொள்வோம். பினாங்குப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை தெரியும். மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்திற்கு 513 படிகள். ஏறியவர் இறங்கும்போது 200 படி இறங்கி ஓரிடத்தில் நிற்கலாம், அடுத்து 150 இறங்கி இளைப்பாறலாம், மீதி 163-ஐப் பிறகு இறங்கலாம். எப்படிப் பிரித்தாலும் கூட்டுத்தொகை 513தான். மின்கலம் மின்னூட்டங்களை மேலே ஏற்றிவிடுகிறது. சுற்றில் உள்ள ஒவ்வோர் உறுப்பிலும் அவை சில படிகள் இறங்குகின்றன. திரும்பி வரும்போது ஏறிய அளவு முழுவதும் இறங்கியிருக்கும். மின்னழுத்த வீழ்ச்சி என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்.

மின்னோட்டம் வேறு. ஒற்றை வரிசையில் மக்கள் இறங்கும் குறுகிய படிக்கட்டை எண்ணிப் பாருங்கள். நிமிடத்திற்கு மேலே எத்தனை பேர் கடக்கிறார்களோ, கீழேயும் அத்தனை பேர்தான் கடப்பார்கள். நடுவில் யாரும் காணாமற்போவதில்லை. "முதல் மின்குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவதற்கு மிச்சம்தான் போகும்" என்று பலர் நினைப்பது இதனால் தவறாகிறது. தொடர் மின்சுற்றில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே. இடத்துக்கு இடம் மாறுவது மின்னழுத்த வீழ்ச்சி. அந்த வீழ்ச்சியை மின்னோட்டத்தால் பெருக்கினால், அந்த இடத்தில் ஒவ்வொரு நொடியும் வெளிப்படும் ஆற்றல் கிடைக்கும். நம் கணக்கில் 2 ஓமில் 2 வாட், 4 ஓமில் 4 வாட். அதிகத் தடை உள்ள இடம் அதிக வோல்ட்டை எடுக்கிறது. அதிகமாகச் சூடேறுவதும் அதுவே.

இனி நம் ஊர்த் தெருவுக்கு வருவோம். தீபாவளிக் காலத்தில் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைகளின் முகப்பில் எல்.இ.டி. விளக்குப் பட்டைகள் ஒளிர்வதைப் பார்க்கிறோம். எல்.இ.டி. நமக்கு அயலான பொருளன்று. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓஸ்ராம், லூமிலெட்ஸ் போன்ற நிறுவனங்கள் எல்.இ.டி. தொழிலை நடத்திவந்திருக்கின்றன. கடையில் விற்கும் 12 வோல்ட் பட்டை ஒன்றை உற்றுப் பாருங்கள். மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை வெட்டும் குறி அச்சிடப்பட்டிருக்கும். அந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு மின்தடை இருக்கும். ஏன் மூன்று? வெள்ளை எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 3 வோல்ட் எடுக்கும். மூன்றும் தொடராக இருப்பதால் 9 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட் மின்தடையில் இறங்குகிறது. அது 150 ஓம் என்றால் மின்னோட்டம் 0.02 ஆம்பியர். பாடநூலில் உள்ள அதே தொடர் மின்சுற்று இங்கே விற்பனைப் பொருளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பட்டையை 5 மீட்டர், 10 மீட்டர் என்று நீட்டிக்கொண்டே போனால் கடைசி முனை மங்கலாகத் தெரியும். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள 5 மீட்டர் பட்டையில் 300 எல்.இ.டி., அதாவது மூன்று மூன்றாக 100 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0.02 ஆம்பியர் என்றால், தொடக்கத்தில் பட்டையின் மெல்லிய செம்பு வழியே 2 ஆம்பியர் பாய வேண்டும். செம்புக்கும் தடை உண்டு. அதனால் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் இறங்கிவிடுகிறது. கடைசித் தொகுதிக்கு 10.5 வோல்ட்தான் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது ஒன்றரை வோல்ட், எட்டில் ஒரு பங்கு. வெளிச்சமும் எட்டில் ஒரு பங்குதான் குறையுமா? இல்லை. எல்.இ.டி.கள் தங்கள் பங்கான 9 வோல்ட்டை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. குறைந்த ஒன்றரை வோல்ட் முழுவதும் மின்தடையின் பங்கிலிருந்தே கழிகிறது. அதற்கு மிஞ்சுவது ஒன்றரை வோல்ட், மின்னோட்டமோ 0.01 ஆம்பியர். வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அலங்காரம் செய்பவர்கள் நீண்ட பட்டைக்கு இரு முனைகளிலிருந்தும் மின்சாரம் கொடுப்பதன் காரணம் இதுதான்.

அந்தக் கணக்கில் புதிதாக நுழைந்தது எது என்று கவனித்தீர்களா? கம்பி. பாடநூல் படத்தில் கம்பி ஒரு கோடு மட்டுமே. அதற்குத் தடை கிடையாது. உண்மையில் கம்பியும் தொடர் மின்சுற்றின் ஓர் உறுப்பு. அதுவும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல்கள் அமைகின்றன. ஒரு பந்தலில் தேநீருக்காக 3 கிலோவாட் கொதிகலன் வைக்கிறார்கள் என்று கொள்வோம். மின்சாரம் 50 மீட்டர் தள்ளி உள்ள இடத்திலிருந்து வருகிறது. போக 50, வர 50, ஆக 100 மீட்டர் செம்புக் கம்பி. அதன் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர் என்றால் தடை ஏறத்தாழ 0.69 ஓம். கொதிகலன் இழுப்பது 13 ஆம்பியர். கம்பியில் மட்டும் 9 வோல்ட் இறங்குகிறது. அங்கே வெளிப்படும் வெப்பம் 115 வாட்டுக்கு மேல். நூறு மீட்டரில் பரவி இருப்பதால் அது தொல்லை தராது. அதே வேலைக்கு 1 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியைப் போட்டால் என்ன ஆகும்? தடை 1.72 ஓம், வீழ்ச்சி 22 வோல்ட், வெப்பம் 290 வாட். அந்தக் கம்பியைச் சுருளிலிருந்து முழுவதும் விரிக்காமல் விட்டால் அத்தனை வெப்பமும் ஒரே இடத்தில் சேரும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேலுறை உருகத் தொடங்கும். சுருள்வகை நீட்டிப்புக் கம்பியை முழுவதும் விரித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று அதன்மேல் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

"வீட்டு மின்சாரம் இணைக்கர மின்சுற்று என்றல்லவா படித்தோம், தொடர்ச் சுற்று எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் விளக்கும் ஒன்றுக்கொன்று இணைக்கரமாகவே உள்ளன. ஆனால் ஒவ்வொரு கருவியும் தனக்கு வரும் பாதையோடு தொடராக இருக்கிறது. தெருக் கம்பி, மீட்டர், எம்.சி.பி., சுவருக்குள் போகும் கம்பி, சாக்கெட், பிளக், நீட்டிப்புக் கம்பி, கடைசியில் கெட்டில். எல்லாமே ஒரே வரிசை. கெட்டில் இழுக்கும் மின்னோட்டம் இவை எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. குளிர்சாதனக் கருவி தொடங்கும் நொடியில் சில வீடுகளில் விளக்கு ஒருமுறை மங்கி மீள்வதைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் அது இழுக்கும் பெரிய மின்னோட்டத்தால் பொதுக் கம்பியில் வீழ்ச்சி கூடுகிறது. விளக்கின் பங்கு அந்த நொடி குறைகிறது.

இப்போது அந்த வரிசையில் ஓரிடத்தில் பிடிப்புத் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாக்கெட்டுக்குள் ஒரு திருகாணி இறுக்கமாக இல்லை, அல்லது பிளக் முனை கருத்துப் போயிருக்கிறது. அங்கே அரை ஓம் தடை உருவாகிறது. கெட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது. அந்தத் தளர்ந்த இடத்தில் இறங்குவது 5 வோல்ட், வெளிப்படும் வெப்பம் 50 வாட். மின்னணுப் பொருள்களைப் பற்றவைக்கும் சால்டரிங் கோல் ஒன்றின் வெப்பம் ஏறத்தாழ இவ்வளவுதான். ஈயத்தை உருக்கும் அந்த வெப்பம், விரல் நுனி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

யாருக்கும் தெரியாது என்று ஏன் சொல்கிறேன்? கெட்டிலுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 225 கிடைக்கும். தண்ணீர் கொதிக்கச் சிறிது நேரம் கூடும். அவ்வளவே. நம் நாட்டில் 2008 முதல் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு 230 வோல்ட். அது 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 253 வரை எல்லாமே அனுமதிக்கப்பட்ட அளவு. அதற்குள் 5 வோல்ட்டை யார் கவனிப்பார்?

எம்.சி.பி. கவனிக்குமா? கவனிக்காது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் அது துண்டிக்கும். தடை கூடியதால் இங்கே மின்னோட்டம் சற்றே குறைந்துதான் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. கவனிக்குமா? அதுவும் கவனிக்காது. மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தால்தான் அது செயல்படும். இங்கே கசிவு இல்லை. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருகிறது. பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் உருகியும் அமைதியாக இருக்கும். இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய கருவி அந்த வீட்டில் ஒன்றுதான்: தொடர் மின்சுற்றைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர். பிளக்கைக் கழற்றும்போது சூடாக இருக்கிறதே, சாக்கெட் ஓரம் பழுப்பு நிறமாக மாறியிருக்கிறதே, "வோல்ட் இங்கே இறங்குகிறது" என்று சொல்லத் தெரிந்தவர். அது பல வீடுகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையாகத்தான் இருக்க முடியும்.

ஜோர்ஜ்டவுனுக்கு இது இன்னும் முக்கியம். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. பழைய கடைவீடுகள் பொதுச்சுவரோடு வரிசையாக நிற்கின்றன. மாடித் தளமும் கூரைச் சட்டங்களும் மரம். மின்சாரம் பரவலாகும் முன்பே கட்டப்பட்டவை பல. இன்று அவற்றுக்குள் உணவகமும் தங்குவிடுதியும் குளிர்சாதனமும் இயங்குகின்றன. பழைய வீடு என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. முறையாகக் கம்பி மாற்றிய பழைய வீடு, ஒரே சாக்கெட்டில் மூன்று நீட்டிப்புக் கம்பிகளைக் கோத்து வைத்திருக்கும் புதிய அடுக்குமாடி வீட்டைவிடப் பாதுகாப்பானது. ஒவ்வோர் இணைப்பும் தொடர்ச் சுற்றில் ஓர் உறுப்பைக் கூட்டுகிறது, வோல்ட் இறங்க ஓர் இடத்தைத் தருகிறது என்பதே பொருள்.

இன்னொரு புதிரையும் சொல்கிறேன். பழைய வகை அலங்கார விளக்குச் சரத்தில் 12 வோல்ட் குமிழ்கள் இருபதைத் தொடராகக் கோத்து 240 வோல்ட்டில் எரியவிட்டார்கள். ஒரு குமிழின் இழை அறுந்தால் சரம் முழுவதும் அணைந்துவிடும். அப்போது அறுந்த குமிழின் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட்? பூஜ்யம் என்பார் சிலர், 12 என்பார் சிலர். விடை 240. மின்னோட்டம் நின்றுவிட்டதால் மற்ற 19 குமிழ்களிலும் வீழ்ச்சி ஏதும் இல்லை. ஏறிய உயரம் முழுவதும் அந்த ஓர் இடைவெளியிலேயே நிற்கிறது. "சின்னக் குமிழ்தானே" என்று மின்சாரத்தை நிறுத்தாமல் அதன் பிடியில் விரல் வைப்பவர் முழு 240 வோல்ட்டையும் தொடுகிறார்.

இவ்வளவும் ஒரே கருத்தின் விளைவுகள். ஆனாலும் நம் வகுப்பறைகளில் தொடர் மின்சுற்று பெரும்பாலும் தாளிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாம் படிவ அறிவியலில் தொடர்ச் சுற்றும் இணைக்கரச் சுற்றும் வருகின்றன. மின்கலத்தின் உள்தடை ஐந்தாம் படிவ இயற்பியலில்தான் வருகிறது, அதுவும் இயற்பியல் எடுத்தவர்களுக்கு மட்டும். இடையில் கம்பிக்குத் தடையே இல்லை என்ற எண்ணம் மூன்றாண்டுகள் மனத்தில் ஊறிவிடுகிறது. அறிவியல் பிரிவுக்குப் போகாத மாணவர் அந்த எண்ணத்தோடேயே பள்ளியை விட்டு வெளியேறுகிறார். அவர் வீட்டிலும் சாக்கெட் உண்டு.

ஆசிரியர்கள் மறுத்துச் சொல்லக்கூடியதும் எனக்குத் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே கம்பியின் தடை, மின்கலத்தின் தடை என்று சொன்னால் குழப்பம்தானே வரும்? ஆய்வகத்தின் குட்டைக் கம்பியில் இறங்கும் வோல்ட் அற்பமானது, அதைப் புறக்கணிப்பதுதானே முறை? நியாயமான வாதம். எளிமையில் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் புறக்கணிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் புறக்கணிக்கலாமே. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜார்ஜ் சைமன் ஓம் இதை மறைக்கவில்லை. 1827-இல் நூலாக வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பு அவர் எழுதிய வாய்பாட்டிலேயே, சோதிக்கும் கம்பியின் நீளத்தோடு சுற்றின் மீதிப் பகுதிக்கும் தனி உறுப்பு ஒன்று இருந்தது. சுற்றைச் சுற்றிவந்தால் ஏற்றமும் இறக்கமும் சமமாகும் என்ற விதியை 1845-இல் தந்த கிர்ச்சாஃப் அப்போது 21 வயது மாணவர். மாணவருக்குப் புரியாத பொருள் அன்று இது.

என் பரிந்துரை எளிமையானது. இரண்டாம் படிவத்திலேயே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். இரண்டு உலர்மின்கலம், ஒரு சிறு மின்குமிழ், ஒரு சுவிட்ச், ஒரு வோல்ட்மீட்டர். இவற்றோடு ஆய்வகத்தில் இருக்கும் கான்ஸ்டன்டன் கம்பி ஒரு மீட்டர். 24-ஆம் எண் தடிமன் என்றால் அதன் தடை ஏறத்தாழ 2 ஓம். முதலில் செம்புக் கம்பியோடு குமிழை எரியவிட்டு ஒவ்வோர் உறுப்பிலும் வோல்ட்டை அளக்க வேண்டும். பிறகு கான்ஸ்டன்டன் கம்பியை "மோசமான கம்பி"யாகத் தொடரில் சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும். குமிழ் மங்கும். அது இழந்த வோல்ட் எங்கே போனது என்று தேடி, கம்பியின் இரு முனைகளில் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். சுவிட்சிலும் அளக்கட்டும்: மூடியிருக்கும்போது ஏறத்தாழ பூஜ்யம், திறந்திருக்கும்போது மின்கலத்தின் முழு வோல்ட். கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பார்க்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். சுற்றில் போட்ட வோல்ட்டையும் அளந்து கணக்குக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பழுது கண்டறியும் தொழில்நுட்பர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

ஓர் எச்சரிக்கையை மறக்க வேண்டாம். இந்த அளவீடுகள் எல்லாம் மின்கலத்தோடு மட்டும். வீட்டுச் சாக்கெட்டில் மீட்டர் முனையை நுழைப்பதோ மூடியைக் கழற்றுவதோ மாணவர் செய்யக்கூடிய வேலையன்று. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளர்தான் அதைச் செய்ய வேண்டும். உங்கள் பங்கு கண்ணும் அறிவும் சார்ந்தது. இன்று மாலை வீட்டில் ஒரு சுற்று வாருங்கள். கெட்டில், சலவை இயந்திரம், குளிர்சாதனம் போன்று அதிக மின்னோட்டம் இழுப்பவை எந்தச் சாக்கெட்டில் இருக்கின்றன? அவை நீட்டிப்புக் கம்பி வழியே போகின்றனவா? நிறம் மாறிய சாக்கெட், கருகிய வாடை, தளர்ந்து ஆடும் பிளக் ஏதேனும் உண்டா? இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். "இதுவரை நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்று அவர்கள் சொன்னால், கெட்டில் 225 வோல்ட்டிலும் நன்றாகத்தான் வேலை செய்யும், மீதி 5 வோல்ட் அந்தச் சாக்கெட்டைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று விளக்குங்கள்.